சாமுராயின் கால் வீக்கமும் நம்ம புழுங்கல் அரிசியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் அரிசி வாங்க வருவார்கள். போன வாரம் ஒரு தம்பி, "சார், இனிமே சாமுராய் மாதிரிதான் சாப்பிடப் போறேன். ரெண்டே வேளை, தினமும் வாள் பயிற்சி. அதுக்கு எந்த அரிசி சரியா வரும்?" என்றார். கைப்பேசியில் ஏதோ பார்த்திருக்கிறார். சிரிப்பு வந்தாலும் கேள்வி நல்ல கேள்விதான். ஏன்னா, சாமுராயைப் படுக்கையில் தள்ளியதே அரிசிதான்.

சாமுராய்க்குச் சம்பளத்தையே அரிசிக் கணக்கில்தான் அளந்தார்கள். சொந்த ஊரில் இருந்தவரை தவிடு முழுசாகப் போகாத அரிசி, பார்லி, சிறுதானியம், சோயா விழுது கரைத்த சாறு, ஊறுகாய், கிடைத்தால் மீன். 1635-ல் ஒரு சட்டம் வந்தது. சிற்றரசர்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தங்க வேண்டும். கூடவே பரிவாரமாகச் சாமுராய்களும் போனார்கள். அங்கே தும்பைப்பூ மாதிரி தீட்டின வெள்ளைச் சோறு. கொஞ்ச நாளில் கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும். ஊருக்குத் திரும்பிப் பழைய சாப்பாட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். 'எடோ நோய்' என்றே அதற்குப் பேர். இப்போது நாம் பெரிபெரி என்கிறோம். 1866-ல் இயெமோச்சி என்ற ஷோகன் இருபது வயதில் இறந்ததும் இதனால்தான் என்கிறார்கள்.

இதற்கு வழி கண்டவரும் சாமுராய் குடும்பத்துப் பிள்ளைதான். தகாகி கனேஹிரோ, கடற்படை மருத்துவர். 1883-ல் பயணம் முடித்து வந்த ரியூஜோ கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் சாவு. அடுத்த வருடம் சுகுபா கப்பலை அதே வழியில் அனுப்பி, சாப்பாட்டை மட்டும் மாற்றினார். பெரிபெரியால் ஒரு சாவுகூட இல்லை. புரதம்தான் காரணம் என்று அவர் நினைத்தார். தவிட்டில் இருக்கும் வைட்டமின் பி1 என்பது பிறகுதான் தெரிந்தது.

நம்ம ஆட்கள் கதை இன்னும் சுவை. 1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டின பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் விழுந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளிகளை அது அவ்வளவாகத் தொடவில்லை. பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். நெல்லை ஊறப்போட்டு அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். நம்ம பாட்டிமார் வைட்டமினைத் தெரிந்து அவிக்கவில்லை. ஆனால் அவித்தார்கள்.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. வங்கியில் இருந்தபோது அரிசி ஆலைகளுக்குப் பாலிஷ் மெஷின் வாங்கக் கடன் போட்டுக் கொடுத்தவன் நான். "வெள்ளையா இருந்தாத்தான் சார் விலை போகும்" என்பார்கள். திட்ட அறிக்கையில் தவிட்டை 'உபபொருள்' என்று வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தக் கணக்கு என்னிடமே திரும்பி வந்தது. முதல் அறுவடையில் எட்டு மூட்டை மாப்பிள்ளைச் சம்பாவை ஒரு ஆலைக்குக் கொண்டுபோனேன். சிவப்பாகப் போன அரிசி வெளுத்து வந்தது. "ஒரே ஓட்டுதான் சார் ஓட்டினோம்" என்றார்கள். நூற்றறுபது நாள் காத்திருந்த பயிர்! இப்போது உமியை மட்டும் நீக்கும் சின்ன ரப்பர் ரோலர் மெஷினை நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே நெல்லாகவே வைத்திருந்து, கேட்கிறவர்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்துத் தருகிறேன்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை இளவட்டக்கல் தூக்குவாராம், அதற்குத் தெம்பு தந்த அரிசி என்பதால்தான் இந்தப் பேர் என்று சொல்வார்கள், அதையும் சொன்னேன். வாளை மறந்துவிட்டு, கல் எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார். ராத்திரி முழுக்க ஊறவைக்கணும், வடித்தால் கஞ்சியைக் கொட்டக்கூடாது என்று சொல்லி இரண்டு கிலோ கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் மதியம் போன். "சார், ஆறு விசில் விட்டும் வேகலை."

"ஊறவெச்சீங்களா தம்பி?"

"இல்ல சார், மறந்துட்டேன்."