ஒரே எஞ்சின், இரு திறன்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்னும் நகரம் உள்ளது. கம்மின்ஸ் என்னும் டீசல் எஞ்சின் நிறுவனம் 1919ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனத்தின் ஆறு உருளை எஞ்சின், 1989 முதல் ராம் என்னும் சரக்கு வண்டிகளில் பொருத்தப்பட்டு வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரிலும் உருவாகின்றன. டாட்டா லாரிகள் பலவற்றை அவையே இயக்குகின்றன.

2019ஆம் ஆண்டு ராம் 3500 வண்டியில் இவ்வெஞ்சின் இரு வகைகளாகக் கிடைத்தது. ஒன்று இயல்பு வகை. மற்றொன்று உயர்திறன் வகை. இரண்டிலும் கொள்ளளவு 6.7 லிட்டர். உருளையின் விட்டம் 107 மி.மீ.; உருளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 124 மி.மீ. இரண்டையும் அருகருகே வைத்தால் புதிதாகப் பார்ப்பவரால் வேறுபாடு காண இயலாது. ஆயினும் இயல்பு வகை 370 குதிரைத்திறனைத் தந்தது. உயர்திறன் வகை 400 தந்தது.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். நூற்றுக்கு எட்டு என்பது பெரிய வேறுபாடன்று. உண்மையான வேறுபாடு வேறோர் எண்ணில் இருக்கிறது. அதுவே திருப்புவிசை.

இறுகிய நட்டு ஒன்றை ஸ்பானரால் கழற்றும்போது கை கொடுக்கும் முறுக்கத்தை எண்ணிப் பாருங்கள். எஞ்சினும் சக்கரத்தை அவ்வாறே முறுக்கித் திருப்புகிறது. அம்முறுக்கத்தின் வலிமை திருப்புவிசை. அவ்வலிமையோடு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துக் கூறுவது குதிரைத்திறன். இயல்பு வகையின் உச்சத் திருப்புவிசை 1152 நியூட்டன் மீட்டர். உயர்திறன் வகையினது 1356. இங்கு வேறுபாடு நூற்றுக்குப் பதினெட்டு அளவு. இவ்விசை நிமிடத்திற்கு 1700 அல்லது 1800 சுற்று என்னும் குறைந்த வேகத்திலேயே கிடைத்துவிடுகிறது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் சுழலும் வேகமும் ஏறத்தாழ அதுவே. விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும், பாரம் இழுப்பவர் முதலில் கேட்க வேண்டியது திருப்புவிசையைத்தான்.

மிகுதியான விசை எங்கிருந்து வருகிறது? மிகுதியான டீசலை எரிப்பதிலிருந்து. டீசல் எரியக் காற்று வேண்டும். புகையின் வேகத்தால் சுழலும் டர்போ என்னும் விசிறி, காற்றைத் திணித்து உருளைக்குள் அனுப்புகிறது. டீசலும் காற்றும் கூடினால் விசையும் கூடும். அவ்வாறாயின் ஒரே எஞ்சினில் இரண்டையும் கூட்டிவிட்டால் போதாதா? போதாது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவோம். அமுக்கப்படும் காற்று சூடாகும். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை அமுக்கிச் சூடேற்ற, அச்சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம். இயல்பு வகையில் அது 19. பத்தொன்பது பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்திற்குள் அடைக்கப்படுகிறது. திறன் மிகுந்த எஞ்சினில் இவ்வெண் இன்னும் பெரிதாக இருக்கும் என்றே எவரும் நினைப்பர். உயர்திறன் வகையிலோ அது 16.2 மட்டுமே!

காரணம் எளிது. அவ்வகையில் டர்போ முன்னரே மிகுதியான காற்றைத் திணித்துவிடுகிறது. அதனையும் பத்தொன்பதில் ஒரு பங்காக நசுக்கி, மிகுதியான டீசலையும் எரித்தால், உருளைக்குள் எழும் அழுத்தம் பிஸ்டனையும் உருளைத் தலையை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் வருத்தும். ஆகவே விசையைக் கூட்ட விரும்பிய பொறியாளர்கள் அமுக்கத்தைக் குறைத்தனர். பொதுவாக இதற்காகப் பிஸ்டனின் உச்சியிலுள்ள கிண்ணம் போன்ற குழியின் கொள்ளளவைக் கூட்டுவர். அமுக்க விகிதம் மிகுந்த இயல்பு வகைக்கும் ஒரு நன்மை உண்டு: குளிர்காலக் காலையில் அது எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

எஞ்சினின் உடலும் அவ்வாண்டில் மாறியது. பழைய வார்ப்பிரும்பில் கிராஃபைட் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும். விரிசல் அச்செதில்களின் வழியே ஓடும். புதிய இரும்பில் கிராஃபைட் புழுக்களைப் போலச் சுருண்டு கிடப்பதால் விரிசல் எளிதில் பரவாது. இவ்வுடல் இரு வகைக்கும் பொது. கியர் பெட்டி பொதுவன்று. இயல்பு வகைக்கு கிரைஸ்லர் நிறுவனத்தின் பெட்டி. உயர்திறன் வகைக்கு ஜப்பானின் ஐசின் நிறுவனம் செய்த, வலிமை மிகுந்த பெட்டி. இரண்டிலும் கியர்கள் ஆறே.

இயல்பு வகையை வாங்கிவிட்டுக் கணினி நிரலை மட்டும் மாற்றி விசையைக் கூட்டிக்கொள்வோர் உண்டு. நிரலை மாற்றினால் கூடுதல் டீசல் பாயும். வண்டியும் சீறிப் பாயும். ஆனால் பிஸ்டன் பழையது. அமுக்க விகிதம் அதே 19. கியர் பெட்டியும் பழையது. தட்டையான சாலையில் வெறும் வண்டியாக ஓடும் வரை குறை தெரியாது. உரிய கருவிகளுடன் உயர்திறன் வகை வண்டி இழுக்கவல்ல உச்சப் பாரம் ஏறத்தாழ 16 டன். அத்தகைய பாரத்தைப் பின்னால் பூட்டி மலைச்சாலையில் ஏறும்போது கியர் பெட்டி வழுக்கினால், ஓட்டுநருக்கு மட்டுமன்றிப் பின்னால் வருவோருக்கும் ஆபத்து.