கடிவாளத்தை அளவறிந்து இழுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் குதிரை வண்டி வைத்திருப்போர் கடிவாளத்தின் வேலையை அறிந்திருப்பது நலம்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத இடம் உண்டு. அங்கே எலும்பின் மேல் மெல்லிய ஈறுதான். கடிவாள இரும்பு அதன் மேல் படிகிறது.

பக்கத் தண்டு உள்ள கடிவாளம் நெம்புகோல் போன்றது. வாய் இரும்புக்கு மேலே 2 அங்குலமும் கீழே 4 அங்குலமும் தண்டு இருந்தால், வாரை 1 கிலோ இழுக்கும்போது தாடைச் சங்கிலியில் 2 கிலோவும் ஈறின் மேல் 3 கிலோவும் விழும்.

எந்நேரமும் இழுத்தே பிடித்தால் ஈறு புண்ணாகி மரத்துப்போகும். பிறகு அவசரத்தில் குதிரை நிற்காது. அடங்கியதும் வாரைத் தளர்த்துங்கள். சங்கிலிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முள் கடிவாளத்தை 1965ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துள்ளன. புண் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.