முதியோரின் சுவாச நோயும் புரதச் சத்தும்

கோலார் தங்கச் சுரங்கத்தை அடுத்த ராபர்ட்சன்பேட்டையில் தமிழ்க் குடும்பங்கள் பல, சுரங்க வேலைக்கென்று வந்து தலைமுறைகளாக வாழ்பவை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கப் பணி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் முடிவுற்றது. ஆயினும் பாறையைத் துளைத்தபோது சுவாசித்த சிலிக்காத் தூசி, முதிய தொழிலாளர் பலரின் நுரையீரலை விட்டு நீங்கவில்லை. அத்தகைய நுரையீரலில் காச நோயும் பிற தொற்றுக்களும் எளிதில் இடங்கொள்கின்றன.

முதியவர் ஒருவருக்கு நுரையீரல் அழற்சி கண்டால், அதன் முடிவு கிருமியின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. உடலின் புரதக் கையிருப்பையும் பொறுத்தது. கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேர்த்து வைக்க உடலில் தனிக் களஞ்சியம் இல்லை. தசையே அதன் களஞ்சியம். தொற்று தாக்கியதும் தசைப் புரதம் சிதைந்து, அமினோ அமிலங்களாகக் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அவற்றைக் கொண்டு தற்காப்புப் புரதங்களை மிகுதியாக ஆக்குகிறது. ஆல்புமின் என்னும் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. இளைஞரின் உடல் இச்செலவைத் தாங்கும். முதியவரிடமோ தசை முன்னரே குறைந்துள்ளது. சுவாசத் தசைகளும் தளர்வதால், இருமிக் கபத்தை வெளியேற்றும் ஆற்றல் குன்றுகிறது. கபம் தேங்கி நோய் வலுக்கிறது.

இரத்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை ஆல்புமின் இருப்பது இயல்பு. இவ்வளவு மிகத் தாழ்ந்த முதிய நோயாளிகளுக்கு உயிரபாயம் அதிகம் என்பது பல நாட்டு மருத்துவமனைகளின் அனுபவம். ஆனால் இதைப் பட்டினியின் அளவுகோலாக மட்டும் கொள்ளுதல் தவறு. ஆல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நாட்கள். ஆதலின் சில நாட்களில் காணும் வீழ்ச்சி பெரும்பாலும் அழற்சியின் கடுமையையே காட்டும். உடல் எடை குறைதலையும் தசை மெலிதலையும் உடன் நோக்க வேண்டும்.

நோயுற்ற முதியவருக்கு, உடல் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். கேழ்வரகு மாவு 100 கிராமில் சுமார் 7 கிராம் புரதமே உண்டு. களியுடன் தெளிந்த சாறு மட்டும் போதாது. கொள்ளு, அவரை, பால், முட்டை ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்த்து, சிறிது சிறிதாகப் பலமுறை அளித்தல் நலம். சிறுநீரக நோயுள்ளவருக்கு மருத்துவரே அளவை வகுக்க வேண்டும். உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

முதியோரிடம் காய்ச்சல் இன்றியும் நுரையீரல் அழற்சி தோன்றலாம். உணவை மறுத்தல், மனக்குழப்பம், மூச்சு விரைதல் ஆகியவை முதல் அறிகுறிகளாகலாம். இவற்றைக் காணும் களப்பணியாளர் அன்றே நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புவாராக. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலாயின் சளிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வாராக. ஆசிரியர்கள் இவ்வறிகுறிகளை மாணவருக்கு எடுத்துரைத்தால், தாத்தா உண்ணாதிருப்பதை வீட்டில் முதலில் கவனிப்பவர் அச்சிறுவராகவும் இருக்கக்கூடும்.