முப்பது சதவீதம்: எதிலிருந்து?

எதிரெதிரே இரண்டு வீடுகள். அளவும் அறைகளும் ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு மாத வாடகை 525 டாலர், இன்னொன்றுக்கு 150. அமெரிக்காவின் பொதுக் குடியிருப்புகளில் இது சகஜம். அங்கே வாடகையைத் தீர்மானிப்பது குடியிருப்பவரின் வருமானம். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றது. பராமரிப்புக்கு வாடகைப் பணமே வழி. கட்டடங்கள் பழசாகிச் செலவு ஏற, வாடகையும் ஏறியது. வருமானத்தில் பாதிக்கு மேல் கொடுத்தவர்களும் உண்டு. 1969இல் செயின்ட் லூயிஸ் நகரக் குடியிருப்பாளர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அதே ஆண்டு செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், வருமானத்தில் 25 சதவீதம் என்று வரம்பு கட்டியது. 1981இல் அது 30 ஆனது.

எல்லோரும் பேசுவது இந்த 30ஐப் பற்றி. ஆனால் கணக்கின் நியாயம் அதற்கு முந்தைய வரியில், வருமானத்திலிருந்து முதலில் கழிக்கும் கழிவுகளில் இருக்கிறது. ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், ஆண்டு வருமானம் 24,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலம் இருந்த கணக்குப்படி பிள்ளைக்கு 480 வீதம் 960 கழியும். வேலைக்குப் போவதற்காகக் குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டிய 2,040 டாலரும் கழியும். மிச்சம் 21,000; மாதத்துக்கு 1,750. அதில் 30 சதவீதம் 525. மின்சாரம், எரிவாயுக் கட்டணத்தை அவரே கட்டினால் அதற்கென நிர்ணயித்த தொகையும் இதில் குறையும். கழிவே இல்லாவிட்டால் வாடகை 600. மாதம் 75 டாலர் வித்தியாசம் அந்தக் குடும்பத்துக்குச் சில்லறைக் காசல்ல.

சம்பளம் 100 டாலர் கூடினால் 30 டாலர் வாடகைக்கே போகிறதே, யார் உழைக்க முன்வருவார் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் மீதி 70 கையில் நிற்கிறது. வருமானம் நன்கு உயர்ந்தவர்கள், சந்தை வாடகையை ஒட்டிய நிலையான வாடகையை ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளலாம். அதற்குப் பின் சம்பள உயர்வு பொதுவாக வாடகையைத் தொடாது. வருமானமே இல்லாதவர் இலவசமாக இருக்கிறார் என்பதும் முழு உண்மையல்ல. மாதம் 50 டாலர் வரை குறைந்தபட்ச வாடகை வாங்க விதி இடம் தருகிறது. கடும் நெருக்கடியில் இருப்பவருக்கு மட்டுமே விலக்கு.

உண்மையான குறை வேறு. பிள்ளைக்கான 480 டாலர் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. பால், செருப்பு, பள்ளிச் செலவு எதுவும் நிற்கவில்லை. விகிதத்தைத் தொடாமலே கழிவின் மதிப்பு கரைந்தால், அதுவும் வாடகை உயர்வுதான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை விலைவாசியோடு இணைத்தது தாமதமான திருத்தம். குடியிருப்பாளர்களும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளக்கம் கேட்கவும், ஒப்பாவிட்டால் விசாரணை கோரவும் விதியே உரிமை தருகிறது. முதலில் கழிவுகளைச் சரிபாருங்கள்.