மீட்டரில் நான்கு வோல்ட், மாட்யூலில் மூன்று

கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்தே ஓடவிடும் கருவியைப் பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கத்து மாணவர் ஒருவர் இன்று கடைச் சாமான்களைக் கொண்டே செய்துவிடலாம். ஒரு கண்ட்ரோலர் போர்டு, சிம் கார்டு போடும் ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு ரிலே, ஒரு லித்தியம் பேட்டரி போதும். மேசையில் வைத்துப் பார்க்கும்போது விளக்கு எரியும், நிரல் ஓடும். குறுஞ்செய்தி அனுப்பும் நேரத்தில் மட்டும் மாட்யூல் அணைந்து மறுபடி உயிர்பெறும். உடனே நிரலைத் திருத்துவார்கள். பிறகு மாட்யூலை மாற்றுவார்கள். பிறகு பேட்டரியை மாற்றுவார்கள். இந்த வரிசையே தவறு என்பது என் வாதம். மின்சாரம் தள்ளாடும் கருவியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரிக்கும் சிப்புக்கும் இடையே உள்ள வழியை, அதாவது வயரையும் இணைப்புகளையும். கடலோரத்தில் இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். பலரும் வாங்கும் சிம்800எல் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். அது கோபுரத்தோடு பேசும்போது தொடர்ச்சியாக மின்சாரம் இழுப்பதில்லை. 4.615 மில்லி நொடிக்கு ஒரு முறை, 0.577 மில்லி நொடி நேரத்துக்கு மட்டும், 2 ஆம்பியர் வரை இழுக்கும். நொடிக்கு சுமார் 217 தடவை இந்த இழுப்பு நடக்கிறது. மெல்லிய ஜம்பர் வயர், பிரெட்போர்டின் தளர்ந்த துளை, பேட்டரிக் கூட்டின் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து அரை ஓம் தடை இருந்தால் போதும். 2 ஆம்பியர் ஓடும் அந்தக் கணத்தில் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 4 வோல்ட் இருந்தாலும் மாட்யூலுக்குக் கிடைப்பது 3. அணையாமல் என்ன செய்யும்?

“மல்டிமீட்டரில் 4 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே” என்பார்கள். சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதுவும் சராசரியைத்தான் காட்டும். ஜிஎஸ்எம் துடிப்பு மொத்த நேரத்தில் எட்டில் ஒரு பங்கு என்பதால், 1 வோல்ட் பள்ளம்கூட மீட்டரில் 0.12 வோல்ட் குறைவாகத்தான் தெரியும். மீட்டர் பொய் சொல்லவில்லை; நாம் கேட்ட கேள்வி வேறு. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டிலும் இதே கதைதான். அலைவரிசையில் பேசத் தொடங்கும்போது சில நூறு மில்லி ஆம்பியர் திடீரென்று ஏறும், மின்னழுத்தம் சரியும், சிப் ‘பிரவுன்அவுட்’ என்று செய்தி எழுதிவிட்டு மறுபடி தொடங்கும். சிப்பை இப்படி மறுதொடக்கம் செய்யும் காவலை நிரலில் அணைத்துவிடலாம் என்றொரு யோசனை பலரிடம் புழங்குகிறது. அதைக் கேட்கவே கூடாது. காவல் போனாலும் பள்ளம் போகாது. குறைந்த மின்னழுத்தத்தில் சிப் தப்பும் தவறுமாக இயங்கி, நினைவகத்தில் உள்ளதையும் கெடுத்துவைக்கும்.

பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் போதாதா என்றால், போதாது. பேட்டரிக்குள்ளும் ஒரு தடை உண்டு. செல் பழையதாகும்போதும் குளிரும்போதும் அது கூடும். 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்திலிருந்து மாணவர்கள் உருவாக்கிய 100 ஃபெம்டோ செயற்கைக்கோள்கள் ஹீலியம் பலூனில் ஏற்றி அனுப்பப்பட்டன. நம் வானத்தில் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போகும். கைக்கடக்கமான கருவி அந்த அடுக்கைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், தரையில் அளந்த பேட்டரி மின்னழுத்தத்தை மட்டும் நம்ப முடியாது. தரையிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. ஏஎம்எஸ்1117 என்ற 3.3 வோல்ட் ரெகுலேட்டர் முழு லோடில் ஓட, உள்ளே வரும் மின்னழுத்தம் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக, அதாவது 4.4 ஆக இருக்க வேண்டும். லித்தியம் செல் முழுதாக ஏறினாலும் 4.2தான். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த கருவி முதல் நாளிலிருந்தே அரைப் பட்டினி.

இனி கடற்கரைக்கு வருவோம். ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் எல்லாம் உப்புக்காற்றுக்கு நடுவே இருக்கின்றன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. போர்டின் மேல் படியும் உப்பு வெறும் தூசி அல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கரைந்துவிடும். இரவில் தகராறு செய்து, வெயில் ஏறியதும் ஒழுங்காக ஓடும் கருவிகளுக்கு இதுவே விளக்கம். ஈரமான உப்பு, தொடக்கூடாத இரண்டு தடங்களுக்கு இடையே மின்சாரத்தைக் கசியவிடும். தொட வேண்டிய பித்தளை, செம்பு முனைகளில் களிம்பேற்றித் தடையைக் கூட்டும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்து, பாலிசிலாக்சேன் பூச்சும் பூசியிருக்கிறார்கள். மாணவரின் போர்டுக்கும் அந்த முறை பொருந்தும்: பிரெட்போர்டில் சோதித்து முடித்ததும் சால்டர் செய்து, மேலே பாதுகாப்புப் பூச்சு பூச வேண்டும். கனெக்டர் முனைகளில் மட்டும் அந்தப் பூச்சு படக்கூடாது.

பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் எல்லாம் தீராதா? ஓரளவு தீரும். துடிப்பு நேரம் முழுவதும் 2 ஆம்பியரைக் கெப்பாசிட்டரே தர வேண்டுமென்றால், 1000 மைக்ரோஃபாரடில் 1.15 வோல்ட் இறங்கிவிடும். 4700 மைக்ரோஃபாரடில் கால் வோல்ட் அளவே இறங்கும். அதையும் மாட்யூலின் கால்களுக்கு ஒட்டியே வைக்க வேண்டும். பேட்டரிப் பக்கம் வைத்தால் அதே கெட்ட வயர்தான் நடுவில் நிற்கும். களிம்பேறிய இணைப்புக்குக் கெப்பாசிட்டர் மருந்தாகாது. தடை நாளுக்கு நாள் கூட, ஒரு நாள் அதுவும் போதாமல் போகும். ஐந்து ஆம்பியர் அடாப்டர் வாங்குவதும் இதே வகைதான். அடாப்டரின் திறன் வயரின் தடையைக் குறைக்காது.

எல்லாப் பழியும் மின்சாரத்தின் மேல் விழ வேண்டியதில்லை. நிரல் பிழையாலும் கருவி மறுதொடக்கம் ஆகும். ஜிஎஸ்எம் அல்லது வைஃபை ரேடியோவை அணைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். அப்போதும் நின்றால் நிரலைப் பாருங்கள். ரேடியோ ஓடும்போது மட்டும் நின்றால் வழியை அளக்க வேண்டும். ஆசிலோஸ்கோப் இல்லாத பள்ளியிலும் வீட்டிலும் இதைச் செய்ய முடியும். மாட்யூலைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 2 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைச் சில நொடிகள் மட்டும் இணைத்தால் 2 ஆம்பியர் அளவு தொடர்ச்சியாக ஓடும். அதற்குள் மீட்டரின் இரு முனைகளையும் ஒரே வயரின் இரு நுனிகளில் வைக்க வேண்டும், பிறகு அடுத்த இணைப்பின் இரு பக்கங்களில், பிறகு ஸ்பிரிங்கில். மைனஸ் பக்க வயரையும் விட்டுவிடக் கூடாது; கிரவுண்டு வழியில் விழும் வோல்ட்டும் அதே கணக்கில்தான் சேரும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தடித்த வயர் போட்டுச் சால்டர் செய்துவிட்டு, மின்தடையை மறுபடி இணைத்து அதே இடத்தில் இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.