குமாயுன் மலைத்தீயும் எழுத்தாளர் இல்லங்களும்

ஜிம் கார்பெட் எழுதி 1944ஆம் வருஷம் வெளிவந்து, பின்னர் தி. ஜ. ர.வின் மொழிபெயர்ப்பினால் 'குமாயுன் புலிகள்' என்ற பெயரோடு தமிழ் வாசகர்களின் நெஞ்சிலும் இடம்பிடித்துக்கொண்ட அந்த அபூர்வமான நூலைப் படித்தவர்களுக்கு, அதன் ஆசிரியர் வாழ்ந்த வீடு உத்தராகண்டத்தின் குமாயுன் பகுதியிலுள்ள நைனிதால் நகரத்தில், அயர்பாட்டா மலைச்சரிவில் இன்றும் நிலைத்து நிற்கிறது என்ற செய்தி சந்தோஷத்தைத் தரும். 'கர்னி ஹவுஸ்' என்ற அந்த வீடு பிறந்ததே ஒரு பேரிடரின் விளைவாகத்தான். 1880ஆம் வருஷம் செப்டம்பர் 18ஆம் தேதி நகரத்து ஏரியின் வடபுறத்து மலை சரிந்து 151 பேரை உயிரோடு புதைத்த பிறகு, அந்தப் பக்கத்தில் குடியிருக்க அஞ்சிய கார்பெட்டின் தாயார், ஏரிக்கு எதிர்க்கரையில் இந்த இல்லத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைகளோடு குடியேறினார். 1947ஆம் வருஷத்தில் சகோதரி மாகியுடன் கென்யாவுக்குப் புறப்படும் வரையில் கார்பெட்டின் கோடைக்கால வாசஸ்தலம் இதுவே. குளிர்காலத்துக்கு அடிவாரத்துக் காலாதுங்கியில் வேறொரு வீடு உண்டு, அது இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

மண்சரிவுக்குத் தப்பிப் பிறந்த அந்த வீடு இருக்கும் ஊரை, 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் அக்கினி வந்து சூழ்ந்தது. நகரத்தின் விளிம்பிலுள்ள பைன்ஸ் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பழைய வீட்டைத் தீ விழுங்கிற்று. உயர்நீதிமன்ற ஊழியர்களின் குடியிருப்புக்கு மிகச் சமீபத்தில் வந்தது. ராணுவத்தின் உதவி கோரப்பட்டது. ஏரியில் படகு விடுவது நிறுத்தப்பட்டது. விமானப்படையின் ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் தண்ணீரை மொண்டு மொண்டு எரியும் மலைமீது கொட்டிற்று. கார்பெட்டின் வீடு தப்பியது. ஆயினும் தப்பியது என்று சொல்லி நாம் அமைதியடைந்துவிடலாகாது. ஏனெனில் அந்தத் தீயை வளர்த்த காரணங்கள் யாவும் வருஷந்தோறும் பங்குனி சித்திரையில் அந்த மலைகளில் தவறாமல் திரும்பி வருபவை.

அவற்றுள் பிரதானமானது 'சீட்' என்று அங்குள்ள ஜனங்கள் அழைக்கும் பைன் மரம். உத்தராகண்டத்தில் ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டேர் பரப்பில் பரவியிருக்கும் இந்த மரம், பிசின் வடித்து எடுப்பதற்கும் தண்டவாளக் கட்டைகளுக்கும் உதவும் என்று ஆங்கிலேயர் காலத்தில் விசேஷமாகப் பேணப்பட்டது. கோடை தொடங்கியதும் அது தன் ஊசியிலைகளை உதிர்க்கிறது. 'பிரூல்' எனப்படும் இந்தச் சருகு, பிசின் ஊறியது, எளிதில் மக்காதது, தரையின்மேல் மெத்தைபோல் படிந்து, ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும், நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து மலைமுழுதும் ஏறிவிடக்கூடியது. நிழலும் ஈரமும் தந்து ஊற்றுகளைக் காக்கும் 'பாஞ்ச்' என்ற கருவாலி மரங்கள் பின்வாங்கிய இடங்களிலெல்லாம் பைன் முன்னேறியிருக்கிறது. வீட்டுக்கு நேரும் அபாயமோ பெரும்பாலும் சுவரைத் தொடும் சுவாலையால் வருவதன்று. தீக்கு வெகுதூரம் முன்னதாகவே காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரையின் இடுக்கிலும், இறவாரத்திலும், மழைநீர் ஓடும் தகரத் தொட்டியில் சேர்ந்துகிடக்கும் சருகிலும் விழுந்து, யாரும் காணாமல் புகைந்து, பின்னர் பற்றிக்கொள்கின்றன. மரத்தையும் தகரத்தையும் கொண்டு கட்டிய மலைவாசஸ்தல வீடுகளுக்கு இதைவிடக் கொடிய சத்துரு இல்லை.

நைனிதால் ஜில்லாவிலேயே ராம்கட் என்னும் இடத்தில், ஹிந்தி மொழியின் மகாகவிகளுள் ஒருவரான மகாதேவி வர்மா 1930களில் தமக்கென அமைத்துக்கொண்ட 'மீரா குடீர்' என்ற சிறு இல்லமும் இருக்கிறது. குமாயுன் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் அது இலக்கிய நிலையமாக நடந்துவருகிறது. அங்கும் இதே மலை, இதே கோடை.

ஜவ்வாது மலையின் அமிர்தியில் வாழும் நமக்கு இவையெல்லாம் தூரதேசத்துச் சமாசாரமாகத் தோன்ற நியாயமில்லை. நம் மலையின் காடுகளும் மாசி பிறந்ததும் இலையுதிர்த்து நிற்பவை. மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டி வைத்த நெருப்பும், தேனெடுப்பவர் கைப்பந்தமும் இங்கும் காட்டை எரித்திருக்கின்றன. ஆனால் இன்னொன்றும் நாம் அறிவோம். ஆம்பூரிலும் வேலூரிலும் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டியிருந்த காலத்தில், அவற்றைச் சேகரித்துக் கொடுத்த குடும்பங்களுக்குச் செடியும் மரமும் எரிந்துபோவது சொந்த நஷ்டமாக இருந்தது. குமாயுனில் இதற்கு மறுதலையான சரித்திரம் நடந்தது: மேய்ச்சலுக்கும் விறகுக்கும் காட்டுக்குள் நுழையும் உரிமையை அரசாங்கம் குறுக்கியபோது, 1921ஆம் வருஷத்தில் ஜனங்களே காடுகளுக்குத் தீ வைத்தார்கள். கிராமத்தாரிடம் ஒரு பகுதிக் காட்டை ஒப்படைக்கும் வனப் பஞ்சாயத்து விதிகள் 1931ஆம் வருஷத்தில் அந்தக் கலகத்தின் பயனாகவே பிறந்தன. காட்டின்மேல் தனக்குப் பாத்தியதை உண்டென்று நம்புகிறவன் தீயைக் கண்டதும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறான். பாத்தியதை இல்லாதவன் அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்புவதோடு நின்றுவிடுகிறான்.

வீடு எரிந்தபின் திரும்பக் கட்டலாமே என்பார் சிலர். அமெரிக்காவின் அரிஸோனா பிரதேசத்தில் நாவலாசிரியர் ஜேன் கிரே தங்கி வேட்டையாடியும் எழுதியும் வந்த மரக்குடில், 1990ஆம் வருஷம் ஜூன் மாதம் மின்னலால் மூண்ட காட்டுத்தீயில் சாம்பலாயிற்று. தீயணைக்கச் சென்றவர்களில் ஆறு பேரும் அதே தீயில் மாண்டனர். பிற்பாடு பேஸன் நகரத்தில் அதன் பிரதியொன்றைக் கட்டினார்கள். அளவு சரியாக இருக்கலாம், சாயலும் ஒத்திருக்கலாம். ஆனால் அவர் காலடி பட்ட பலகை ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் குடிலிலிருந்து அவர் கண்ட மலைமுகமும் அங்கிருந்து தெரிவதில்லை. எழுத்தாளன் வீட்டை நாம் காண விரும்புவது எதைப் பார்த்துக்கொண்டு அவன் எழுதினான் என்று அறியத்தானே? ஆகையால் கார்பெட்டின் வீட்டைக் காப்பது என்பது அயர்பாட்டாவின் கருவாலிக் காட்டையும் சேர்த்துக் காப்பதுதான் என்பது என் துணிபு.

2024 ஜூன் 13ஆம் தேதி அல்மோரா ஜில்லாவின் பின்ஸர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர் நால்வர் கருகி இறந்தார்கள். அதற்கு முந்திய மாதத்தில்தான், பிரூலைச் சேகரித்துக் கொண்டுவரும் கிராமத்தாருக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் கொடுப்பதாக மாநில அரசாங்கம் அறிவித்திருந்தது. ஹெலிகாப்டருக்குச் செலவிடும் திரவியத்தில் ஒரு சிறு பங்கையேனும் இந்தச் சருகு வாரும் பெண்களின் கூலிக்கென்று நிரந்தரமாக ஒதுக்கவேண்டும். காலாதுங்கி அருங்காட்சியகத்தின் கணக்கிலும், மீரா குடீரின் கணக்கிலும், கூரைக்கு வர்ணம் பூசும் செலவுக்கு முன்னதாக, மாசி மாதத்திலேயே வீட்டைச் சுற்றிச் சருகு நீக்கும் செலவு எழுதப்படவேண்டும்.