உங்களுக்குத் தெரியுமா? பூட்டானின் பனிச் சிகரங்கள்

● மனிதர் யாரும் இன்னும் உச்சியை எட்டாத மலைகளுள் உலகிலேயே மிக உயரமானது பூட்டானின் காங்கர் புயென்சும். உயரம் 7,570 மீட்டர். 'ஆன்மிகச் சகோதரர் மூவரின் வெண்சிகரம்' என்பது பெயரின் பொருள்.

● பூட்டான் 1983-இல் மலையேறிகளுக்கு வழி திறந்தது. 1985, 1986 ஆண்டுகளில் காங்கர் புயென்சுமில் ஏறப் புறப்பட்ட குழுக்கள் எல்லாமே பாதி வழியில் திரும்பிவிட்டன.

● மலையுச்சிகள் தெய்வங்களின் இருப்பிடம் என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. அதை மதித்து, 1994-இல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏற அரசு தடை விதித்தது. 2003 முதல் மலையேற்றத்துக்கே முழுத் தடை. பெரும் வருமானம் தரக்கூடிய தொழிலை ஒரு சிறிய நாடு நம்பிக்கைக்காக விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம்!

● திபெத் பக்கமிருந்து காங்கர் புயென்சுமில் ஏற ஜப்பானியக் குழு ஒன்று பெற்றிருந்த அனுமதி ரத்தானது. 1999-இல் அவர்கள் பக்கத்துச் சிகரமான லியாங்காங் காங்ரியில் ஏறினார்கள். அதன் உயரம் 7,535 மீட்டர். 35 மீட்டர்தான் குறைவு.

● பாரோ பள்ளத்தாக்கின் வடகோடியில் நிற்பது ஜொமோல்ஹாரி (7,326 மீட்டர்). இதன் உச்சியை 1937-இல் முதலில் தொட்டவர்கள் ஆங்கிலேயரான ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மனும் ஷெர்பா பசாங் தாவா லாமாவும்.

● இந்த ஜொமோல்ஹாரியின் பனி உருகி பாரோ ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு வாங் ஆற்றில் கலந்து, சுக்கா, தாலா நீர்மின் நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அங்கு எடுக்கும் மின்சாரம் இந்தியாவுக்கும் வருகிறது.

● பூட்டானின் தெற்கு எல்லையில் சில இடங்கள் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. அங்கே வெப்பமண்டலக் காடு. வடக்கு எல்லையில் 7,000 மீட்டரைத் தாண்டிய பனிமலைகள். நடுவே இருப்பது ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான்.

● 1994 அக்டோபரில், வடக்கே லுனானா பகுதியில் லுக்யே என்னும் பனியாற்று ஏரி கரை உடைந்தது. வெள்ளம் புனாக்கா வரை பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. சிகரங்களில் மனிதக் கால் படவேண்டாம் என்று காக்கிறது பூட்டான். ஆனால் பனியை உருக்கும் புவி வெப்பத்தை அந்த நாடு தனியாக நின்று தடுக்க முடியாது. அது நம் எல்லோருடைய கடமை.